கத்திரி வெயிலும் தெற்கு வானமும்

மே 4-ஆம் தேதி வாக்கில் தினசரி நாட்காட்டியின் தாளில் ‘அக்னி நட்சத்திரம் ஆரம்பம்’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு மேல் ஊர்ப் பேச்சு அதைச் சுற்றியேதான் ஓடும். கத்திரி பிறந்துவிட்டது, கத்திரி கழியட்டும், கத்திரிக்குள் ஒரு மழை பெய்யும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். வெயிலுக்கு ஒரு நட்சத்திரத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறோமே, அந்த நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். கேட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தாலும் அது கிடைக்காது. அந்த நாட்களில் அது சூரியன் இருக்கும் திசையில், பகல் வெளிச்சத்துக்குள் மறைந்திருக்கிறது.

அக்னியைத் தேவதையாகக் கொண்ட நட்சத்திரம் கார்த்திகை. ரிஷப ராசியில், கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கு ஆறு புள்ளிகளாகத் தெரியும் சிறு கூட்டம் அது. ஏறக்குறைய 440 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. பஞ்சாங்கக் கணக்குப்படி, சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்தில் நுழைவதில் தொடங்கி, கார்த்திகை முழுவதையும் கடந்து, ரோகிணியின் முதல் பாதத்தை முடிக்கும் வரை கத்திரி. பாதம் என்பது ஒரு நட்சத்திரத்தின் கால் பங்கு: 3 பாகை (டிகிரி) 20 கலை. அறுபது கலை ஒரு பாகை. ஏழு பாதங்கள் சேர்ந்தால் 23 பாகைக்குச் சற்று மேல். சூரியன் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்கிறது என்பதால் இருபத்து நான்கு, இருபத்தைந்து நாள் வருகிறது. வெப்பமானி எதுவும் இல்லாத கணக்கு இது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோல்களில் அக்னி நட்சத்திரம் என்று ஒன்று கிடையாது.

மே மாதத்தில் சூரியனோடு சேர்ந்து எழுந்து சேர்ந்து மறையும் இதே கார்த்திகை, ஆறு மாதம் கழித்துச் சூரியனுக்கு நேர் எதிரே வந்துவிடும். அப்போது மாலையில் கிழக்கே உதித்து இரவெல்லாம் தெரியும். அந்தக் காலத்துப் பௌர்ணமி நிலவு அதன் பக்கத்தில் நிற்கும் நாளில்தான் திருவண்ணாமலை தீபம். கொளுத்தும் கத்திரிக்கும் குளிர்காலத் தீபத்துக்கும் கணக்கு ஒரே விண்மீன் கூட்டத்தை வைத்துத்தான்.

வெயிலுக்குக் காரணமான சூரியன் அப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் இன்னும் சுவையாக இருக்கிறது. கத்திரி என்றால் உச்சி வெயில் நேர் தலைக்குமேல் என்று பொதுவாக நினைக்கிறோம். தமிழ்நாட்டில் அது பொருந்தாது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியும், மதுரையில் 16-ஐ ஒட்டியும், சென்னையில் 24-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. நட்டு வைத்த குச்சிக்கு அன்று நிழலே விழாது. கத்திரி தொடங்கும்போது சூரியன் நம்மைத் தாண்டி வடக்கே போயிருக்கும். மே முதல் வாரத்தில் அது விஜயவாடாவுக்கு மேலே நிற்கிறது; கத்திரி முடியும் தறுவாயில் நாக்பூருக்கு மேலே. மே நடுவில் மதுரைக்காரர் ஒருவர் நண்பகலில் வெளியே நின்றால் அவருடைய நிழல் தெற்கே ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக நீளும். ஆண்டின் பெரும்பகுதி நிழலில் கிடக்கும் வடக்குச் சுவர், சித்திரை பாதியிலிருந்து ஆவணி தொடக்கம் வரை நண்பகலிலும் வெயில் வாங்கும். வடக்குப் பார்த்த திண்ணையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பஞ்சாங்க ஆண்டு விண்மீன்களை வைத்து ஓடுகிறது. பருவங்கள் சூரியனின் வடக்கு தெற்குப் பயணத்தை வைத்து ஓடுகின்றன. இரண்டுக்கும் ஆண்டுக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் வித்தியாசம். பூமியின் அச்சு மெல்லத் தலைசுற்றுவதால் வரும் பிசகு இது. எழுபது ஆண்டுக்குச் சுமார் ஒரு நாள் சேர்ந்துவிடும். பின்னோக்கிப் போனால், ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் சித்திரை முதல் நாளும், பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளும் ஒன்றாக இருந்தன. அன்றைக்குக் கத்திரி நாட்களில் சூரியன் 8 பாகை வடக்கிலிருந்து 16 பாகை வடக்கு வரை ஏறியிருக்கும். தமிழ் நிலம் கிடப்பது ஏறத்தாழ 8 முதல் 13½ பாகை வரை. அதாவது அந்தக் காலத்துக் கத்திரியில் சூரியன் கன்னியாகுமரி தொடங்கி வேங்கடம் வரை ஒவ்வோர் ஊராக உச்சியைத் தொட்டுக்கொண்டு போயிருக்கும். கத்திரிக் கணக்கு அப்போதுதான் பிறந்தது என்று இதை வைத்து நான் வாதிட மாட்டேன். ஆனால் பொருத்தம் கச்சிதமாக இருக்கிறது.

அப்படியானால் ஏப்ரலைவிட மே ஏன் கொதிக்கிறது? நண்பகலைவிடப் பிற்பகல் இரண்டு மணிக்கு வெப்பம் அதிகமாக இருப்பதற்கு என்ன காரணமோ, பெரிதும் அதேதான். உள்ளே வருவது வெளியே போவதைவிட அதிகமாக இருக்கும் வரை நிலத்தின் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். அதோடு மே மாதத்தில் மேற்கேயிருந்து வரும் வறண்ட தரைக்காற்று வலுத்து, கடற்காற்று உள்ளே வருவதைத் தள்ளிப்போடுகிறது. கடற்காற்று தாமதமாகும் நாளில்தான் கிழக்குக் கரை ஊர்கள் தவிக்கின்றன.

இனி இரவு. கோடையில் களத்திலோ மொட்டை மாடியிலோ படுப்பவர்களுக்கு ஓர் அனுபவ உண்மை தெரியும்: நட்சத்திரம் நிறையத் தெரியும் இரவில் விடியற்காலையில் போர்வை தேடுவோம், வானம் மூடிக்கொண்ட இரவில் புழுங்கிச் சாவோம். நிலம் பகலில் வாங்கிய சூட்டை இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக மேலே விடுகிறது. மேகமோ ஈரப்பதமோ இருந்தால் அதில் பெரும்பகுதி கீழே திரும்பி வருகிறது. வானம் தெளிவாகவும் வறண்டும் இருந்தால் சூடு விண்வெளிக்கே போய்விடுகிறது. கான்கிரீட் தளம் பகல் முழுவதும் சேர்த்துவைத்ததை நள்ளிரவு வரை விட்டுக்கொண்டிருக்கும். கூரை வீட்டுக் கீற்றில் அவ்வளவு சேமிக்க இடமில்லை, சீக்கிரம் ஆறிவிடும். ஆகவே கயிற்றுக் கட்டிலை மண் தரையில் போட்டுப் படுப்பவர் விவரமானவர்.

அப்படிப் படுத்தவர் எந்தத் திசையில் பார்க்க வேண்டும்? வானத்தைப் பற்றி நாம் படிக்கும் நூல்களில் பெரும்பாலானவை 40, 50 பாகை வடக்கே இருக்கும் நாடுகளில் எழுதப்பட்டவை, அல்லது அவற்றைப் பார்த்து எழுதப்பட்டவை. துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடி என்றுதான் தொடங்குவார்கள். மதுரையில் துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து 10 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அந்த முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அந்த உயரத்தில் ஒரு தென்னை நின்றால் போதும், துருவன் தொலைந்தான். தப்பித்தவறித் தெரிந்தாலும் கோடைத் தூசியில் மங்கிக் கிடப்பான். அந்த நூல்களில் ‘கோடை வானம்’ என்று போட்டிருப்பதும் ஜூலை, ஆகஸ்டு வானம். நம் கோடை ஏப்ரல், மே. இந்த இரண்டு கோளாறையும் சரிசெய்யாமல் மொழிபெயர்த்து வைத்ததால் எத்தனையோ பிள்ளைகள் ஒரே இரவில் ஆர்வம் இழந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

நம் ஊர்க் கோடை வானத்தைத் தெற்கிலிருந்து தொடங்க வேண்டும். மே நடுவில் இரவு ஒன்பதேகால் மணிக்கு மரமும் விளக்கும் மறைக்காத இடத்தில் தெற்கு முகமாக நின்றால், அடிவானிலிருந்து இரண்டு முஷ்டி உயரத்தில் நான்கு விண்மீன்கள் ஒரு பட்டத்தின் வடிவில் செங்குத்தாக நிற்கும். அதுதான் தென்சிலுவை. நம் மரபில் திரிசங்கு. உடலோடு சொர்க்கம் போக ஆசைப்பட்டு, இந்திரன் தள்ளிவிட, விசுவாமித்திரர் தடுத்து நிறுத்த, நடுவானில் தலைகீழாக நின்றுபோன அரசன். அது செங்குத்தாக நிற்கும் நேரத்தில் அதற்கு நேர் கீழே இருப்பது சரியான தெற்கு. ஒவ்வொரு மாதமும் இரண்டு மணி நேரம் முன்னதாக அந்த இடத்துக்கு வந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஏப்ரல் நடுவில் பதினொன்றேகாலுக்கும் ஜூன் நடுவில் ஏழேகாலுக்கும் அதே கோலம். ஏப்ரல் முன்னிரவில் இதைப்போலவே சற்றுப் பெரிதாக, மங்கலாக இன்னொரு சிலுவை தெற்கே நின்று ஏமாற்றும். உண்மையான சிலுவைக்கு இடப்புறத்தில் இரண்டு பளிச்சென்ற விண்மீன்கள் காவலுக்கு வரும். போலிக்கு அவை இல்லை.

அந்த இரண்டில் சிலுவையிலிருந்து தள்ளி இருப்பது ஆல்ஃபா செண்டாரி. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் குடும்பம் அது; 4.3 ஒளியாண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உண்மையில் சூரியனைப் போன்ற இரண்டு. மூன்றாவதாக மங்கலான பிராக்ஸிமா வேறு இருக்கிறது. லண்டன்வாசி தன் வீட்டு வாசலிலிருந்து இதை ஒருநாளும் பார்க்க முடியாது. தில்லியில் அடிவானத்தைத் தடவிவிட்டு மறைந்துவிடும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கோடை இரவில் சும்மா படுத்துக்கொண்டே பார்க்கலாம். இதே பகுதியில், சிலுவைக்கு மேலே இன்னும் ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமாக ஏறி, கொஞ்சம் இடப்புறம் தேடினால் குவியம் தவறிய விண்மீன் போல ஒரு புகைப்பொட்டு தென்படும். ஒமேகா செண்டாரி என்ற கோளக் கொத்து அது. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு கோடி அளவிலான விண்மீன்கள் திரண்டு கிடக்கின்றன. இதற்கு நிலா இல்லாத இரவு வேண்டும். பைனாகுலர் இருந்தால் நல்லது.

வடக்குப் பக்கம் வறண்டது என்று சொல்லவில்லை. சித்திரை, வைகாசி முன்னிரவில் சப்தரிஷி மண்டலம் வடக்கே நன்றாக உயர்ந்து நிற்கிறது. அதன் வாலில் நடுவில் இருப்பது வசிட்டர். அவரை ஒட்டிக்கொண்டிருக்கும் மங்கலான புள்ளி அருந்ததி. வைகாசி முகூர்த்தத்தில் காலை ஒன்பது மணிக்குப் புரோகிதர் மணமக்களை மண்டப வாசலுக்கு அழைத்துவந்து, கண் கூசும் வெயிலில் ஏதோ ஒரு திசையில் கையைக் காட்டுவார். இருவரும் பார்த்துவிட்டதாகத் தலையாட்டுவார்கள். அன்று இரவு ஒன்பது மணிக்கு வடக்கே பார்த்தால் உண்மையான அருந்ததியே இருப்பாள். ஐப்பசியில் கல்யாணம் செய்தவர்களுக்கு முன்னிரவில் இந்த வாய்ப்பு இல்லை. சப்தரிஷியின் வால் வளைவை அப்படியே நீட்டினால் கிட்டத்தட்டத் தலைக்குமேல் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி வரும். இன்னும் நீட்டினால் நீல வெள்ளையாகச் சித்திரை. சித்திரைப் பௌர்ணமி நிலவு, மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளின் நிலவு, இந்த விண்மீனுக்கு அருகிலோ சற்றுக் கிழக்கிலோதான் நிற்கும். அடுத்த பௌர்ணமி விசாகத்தின் பக்கம். அதற்கடுத்தது தேளின் உடம்பில், கேட்டையை ஒட்டி. கார்த்திகை தெரியாத இந்த மாதங்களில் அதற்கு நேர் எதிரே உள்ள விசாகம், அனுஷம், கேட்டை ஆகியவை இரவு முழுவதும் தெரிகின்றன. பதினொரு மணிக்குமேல் தேளின் வாலுக்குப் பின்னால் பால்வழியின் நடுப்பகுதி தென்கிழக்கில் ஏறத் தொடங்கும். மே மாத விடியலுக்கு முன் அது உச்சிவரை வளைந்து கிடக்கும்.

தரையில் நடப்பதற்கு வருவோம். கோடை என்றால் எல்லாம் காய்ந்து கிடக்கும் காலம் என்ற எண்ணம் மரங்களுக்கு இல்லை. புங்கன் பங்குனியிலேயே பளபளக்கும் இளந்தளிர் விட்டுவிடுகிறது. வேம்பு பூக்கிறது; அந்தப் பூ சித்திரை முதல் நாள் பச்சடிக்கு ஆகிறது. கொன்றை இலையைக் கொட்டிவிட்டு மஞ்சளாகத் தொங்குகிறது. ஒரு சொட்டு மழையில்லாத நேரத்தில் தளிர்விடுவது முட்டாள்தனமாகத் தோன்றும். முதுமலைக் காட்டில் கே. எஸ். முரளியும் ஆர். சுகுமாரும் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. மழை வந்ததும் இலை தின்னும் பூச்சிகள் பெருகும். அதற்கு முன்பே தளிர்விட்ட மரங்களின் இலைகள் அப்போதைக்குள் முற்றிவிடுவதால் சேதம் குறைகிறது. ஆழத்தில் இருக்கும் ஈரத்தை வேர் எட்டிப் பிடித்தால் போதும்.

இரவுக்கென்றே பூக்கும் பூக்களும் கோடையில்தான் அதிகம். மல்லிகை மொட்டை விடியற்காலையில் பறிக்கிறார்கள். அது விரிவது மாலையில். வெள்ளை நிறமும் தூக்கலான மணமும் இருட்டில் வரும் அந்துப்பூச்சிகளுக்கான ஏற்பாடு. இலுப்பை இரவில் பூத்து விடியலில் உதிர்த்துவிடுகிறது. பழந்தின்னி வௌவால்கள் அதைத் தேடி வரும். காட்டோரச் சாலையில் வண்டி விளக்கில் இரண்டு சிவந்த கண்கள் மின்னினால் அது பெரும்பாலும் பக்கி என்ற இரவுப் பறவை. மண்ணும் தாரும் பகல் சூட்டை வைத்திருக்கும் சாலையில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். ஆள்காட்டிக் குருவி வெட்டவெளித் தரையிலேயே முட்டையிட்டுவிட்டு, நடுப்பகலில் வயிற்று இறகை நீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்து குளிர்விக்கிறது. இரவில் அது கத்தினால் யாரோ நடமாடுகிறார்கள் என்று அர்த்தம்; காவல்காரர்கள் இன்றும் அதை நம்புகிறார்கள்.

மின்மினிக்கு வந்தால் நிறுத்த முடியாது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில், கோடை மழைக்கும் தென்மேற்குப் பருவமழைக்கும் இடைப்பட்ட இரவுகளில் ஏராளமான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுகின்றன. ஒரு மரத்தில் தொடங்கி அடுத்த மரத்துக்கு அலையாகப் பரவுகிறது. 2022-இல் வனத்துறை இதை ஆய்வு செய்தது. தாளம் போட ஒரு தலைவன் வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண் பூச்சிக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது; பக்கத்துப் பூச்சியின் ஒளியைக் கண்டதும் அது தன் கடிகாரத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறது. எல்லாமே அண்டைவீட்டைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போனால் காடு முழுவதும் ஒன்றுபோல மின்னும். அந்த ஒளி இணைக்கான அழைப்பு. நடுவில் ஒரு டார்ச் வெளிச்சமோ செல்போன் வெளிச்சமோ குறுக்கிட்டால் அழைப்பு குழம்பிவிடும். பார்க்கப் போகிறவர்கள் கூட்டமாக விளக்கோடு போவதைவிடப் போகாமல் இருப்பது நல்லது. இந்தப் பூச்சி புழுப்பருவத்தில் நத்தையைத் தின்று ஈர மண்ணில் வளர்வது. ஊர்ப்புறத்தில் மின்மினி குறைந்ததற்குத் தெருவிளக்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வயலுக்கு அடித்த மருந்தும், மூடிய வாய்க்காலும் கணக்கில் வரும்.

கோடை மழை வானத்துக்கும் தேவை. அடிவானத்தில் மின்னல் வெட்டும், இடி கேட்காது. சத்தமில்லாத தனி மின்னல் என்று ஒன்று கிடையாது. இடியோசை பொதுவாக 15, 20 கிலோமீட்டரைத் தாண்டிக் கேட்பதில்லை. மின்னல் வெளிச்சமோ நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். இரண்டுக்கும் இடையே மூன்று விநாடி எண்ணினால் மின்னல் ஒரு கிலோமீட்டரில். நம் ஊரில் மழை பெய்தால் காற்றில் மிதக்கும் தூசி கழுவப்பட்டுவிடும். மறுநாள் மேகம் கலைந்த இரவில் அடிவானம் வரை விண்மீன் தெரியும். தென்சிலுவையைத் தேட அதைவிட நல்ல இரவு இல்லை. மழை பெய்த மாலையில் விளக்கடியில் ஈசல் மொய்த்தால் அன்று வானம் பார்க்கும் ஆசையைக் கொஞ்சம் ஒத்திப்போட வேண்டியதுதான்.

தெற்கு வானத்தின் அருமையை அறிந்து ஒரு நிறுவனமே இங்கு எழுந்திருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரை வானியலாளர் வைணு பாப்பு வான் ஆய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், அது நிலநடுக்கோட்டிலிருந்து 12½ பாகைதான் தள்ளி இருக்கிறது என்பது. அங்கிருந்து வட வானமும் தென் வானத்தின் பெரும்பகுதியும் கைக்கு எட்டும். 1968-இல் சிறிய தொலைநோக்கியோடு தொடங்கினார்கள். 1972-இல் வியாழனின் நிலவான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை இங்கிருந்து பதிவு செய்ததில், அந்த நிலவுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயம் கிடைத்தது. யுரேனஸின் வளையங்கள் 1977-இல் வெளிப்பட்ட இரவிலும் காவலூர் பார்த்துக்கொண்டிருந்தது. பாப்பு 1982-இல் காலமான பின், 1986-இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மலையைச் சுற்றி விளக்குகள் பெருகப் பெருக அங்கே வேலை கடினமாகிறது. 2022-இல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்ட லடாக்கின் ஹான்லேயில் இந்தியாவின் மிகக் கரிய வானங்களில் ஒன்று இருக்கிறது. ஆனால் அது 32 பாகைக்கு மேலே இருப்பதால் தென்சிலுவை அங்கே அடிவானத்துக்குமேல் எழும்பாது. அந்தக் காட்சிக்கு இருட்டு வேண்டுமானால் அதைத் தெற்கேதான் காப்பாற்ற வேண்டும். ஊராட்சித் தெருவிளக்குகளில் ஒளி மேலே சிதறாமல் ஒரு மறைப்பு வைத்து, வெள்ளைக்குப் பதில் மஞ்சள் விளக்கு போட்டாலே பெரிய வித்தியாசம் வரும். விளக்கே வேண்டாம் என்று பாம்பு நடமாடும் ஊரில் நின்று யாரும் சொல்ல முடியாது.

கத்திரி முடிந்து பதினைந்து நாள் போனால், ஜூன் இரண்டாம் வாரத்தில், கார்த்திகை மறுபடி தலைகாட்டும்: விடியலுக்கு முன், கிழக்கு அடிவானத்தை ஒட்டி, சில நிமிடம் மட்டும். மாதக் கடைசியில் மூன்றேகால் மணிக்கே எழுந்துவிடும். இதைப் பார்ப்பதில் தமிழ்நாட்டுக்குள்ளேயே வாய்ப்பு வேறுபடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைப் பக்கமும் அதற்குள் தென்மேற்குக் காற்று மேகத்தைக் கொண்டுவந்துவிடும். பொள்ளாச்சியிலும் தென்காசியிலும் சாரலைத்தான் பார்க்க முடியும். மலையின் மறுபக்கம் மழை மறைவில் கிடக்கும் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரம் உள்ளவர்கள் நான்கு மணிக்கு எழுந்து கிழக்கே பார்க்கலாம்.